பெருவாய் பாஸும் கெளுத்தியும்: தூண்டிலுக்கான கருவி, இரை, இடம்

பெருவாய் பாஸ், கெளுத்தி ஆகிய இரண்டும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏரிகளிலும் ஆறுகளிலும் தூண்டில் போடுவோர் மிகுதியாக நாடும் நன்னீர் மீன்கள். பல நீர்நிலைகளில் இவை இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. ஆயினும் ஒன்றுக்காக எடுத்துச் சென்ற கோலும் இரையும் மற்றதற்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. இரண்டும் இரை தேடும் முறை வேறு என்பதே காரணம். பாஸ் மறைந்திருந்து, கண்ணால் பார்த்துப் பாயும். கெளுத்தி மணத்தையும் சுவையையும் பின்பற்றித் தேடி வரும். எந்தக் கோல், எந்த முள், எந்த இரை, எந்த இடம் என்ற கேள்விகளுக்கான விடைகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிடைக்கின்றன. இதை அறியாமல் கடைக்குப் போனால் பணம்தான் செலவாகும்.

பெயர்க் குழப்பம்

உணவகங்களிலும் குளிர்பதனக் கடைகளிலும் ‘பாசா’ என்று விற்கப்படும் துண்டு மீன் பாஸ் அன்று. அது தென்கிழக்கு ஆசியாவில் வளர்க்கப்படும் ஒரு கெளுத்தி இனம். நம் கொடுவா மீனை ஆங்கிலத்தில் ஆசியக் கடல் பாஸ் என்பார்கள். அதுவும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கே பேசப்படும் பெருவாய் பாஸ் வட அமெரிக்காவின் ‘சன்ஃபிஷ்’ குடும்பத்து மீன். வாயை மூடியிருக்கும்போது இதன் மேல்தாடையின் முனை கண்ணையும் தாண்டிப் பின்னால் நிற்கும். சிறுவாய் பாஸில் அது கண்ணைத் தாண்டாது. இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய அடையாளம்.

அமெரிக்கக் கெளுத்திகளுள் தூண்டில்காரர்கள் தேடுபவை மூன்று. சேனல் கெளுத்தி, நீலக் கெளுத்தி இரண்டுக்கும் வால் பிளவுபட்டிருக்கும். நீலக் கெளுத்தியின் அடித்துடுப்பு நீண்டு, ஓரம் நேர்கோடாக இருக்கும். தட்டைத்தலைக் கெளுத்தியின் வால் பிளவுபடாது. கீழ்த்தாடை முன்னே துருத்தி நிற்கும். மூன்றுக்கும் நம் ஊர்க் கெளுத்தியைப் போலவே முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் கூர்முட்கள் உண்டு. கையில் பிடிக்கும்போது கவனம் வேண்டும்.

மீன் எப்படி இரையை அறிகிறது

பாஸ் பெரும்பாலும் ஒரு மறைவின் ஓரத்தில் நிற்கும். நீரில் விழுந்த மரம், கொடிப்பாசியின் விளிம்பு, படகுத்துறையின் நிழல் ஆகியவை அதற்கு விருப்பமானவை. அருகே வரும் சிறு மீனையோ, கொடுக்குள்ள கிரேஃபிஷையோ கண்டதும் வாயை அகலத் திறக்கும். அப்போது உண்டாகும் உறிஞ்சலில் தண்ணீரோடு இரையும் உள்ளே போய்விடும். பிடிக்காதது என்றால் நொடிப்பொழுதில் துப்பிவிடும். நீரில் ஏற்படும் அதிர்வை அதன் பக்கக்கோடு உணர்கிறது. கலங்கல் நீரில் கண்ணுக்கு உதவுவது அதுதான்.

கெளுத்தியின் உடலில் செதில் இல்லை. வாயைச் சுற்றி நான்கு இணை மீசைகள் உண்டு. அந்த மீசைகளில் மட்டுமன்றி அதன் தோல் முழுவதிலும் சுவை மொட்டுகள் பரவியுள்ளன. உடம்பு முழுவதும் நாக்கு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்; ஆனால் அது ஏறக்குறைய உண்மை. இருட்டோ சேறோ அதற்குத் தடையில்லை. நீரோட்டத்தில் கரைந்து வரும் மணத்தைப் பிடித்துக்கொண்டு, எதிர்நீச்சல் போட்டு இரையிடம் வந்து சேரும். எனவே பாஸிடம் இரையைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கெளுத்தி வரும்வரை இரையை ஓரிடத்தில் கிடத்திக் காத்திருக்க வேண்டும்.

கோல், ரீல், நரம்பு

கோலின் அட்டையில் இரண்டு சொற்கள் இருக்கும். ஒன்று வலு: கோலை வளைக்க எவ்வளவு பாரம் தேவை என்பது. மற்றது வளைவின் வேகம்: கோல் நுனியில் மட்டும் வளைகிறதா, நடுவரை வளைகிறதா என்பது. நுனியில் மட்டும் வளையும் கோலை வேகமானது என்பார்கள். புதியவர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவது வழக்கம்.

பாஸுக்கு ஆறரை முதல் ஏழு அடி நீளமும், நடுத்தர வலு அல்லது அதற்குச் சற்று மேலான வலுவும், வேகமான நுனியும் கொண்ட கோல் பொருந்தும். மீன் துப்பிவிடுமுன் முள்ளைப் பதிக்க வேண்டும் என்பதால்தான் விறைப்பான கோல். நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான முறை வீசவேண்டியிருப்பதால் எடையும் குறைவாக இருக்கவேண்டும். கெளுத்திக்கு ஏழு முதல் எட்டு அடிக் கோல், கூடுதல் வலு, நுனியில் சற்று இளக்கம் என்பது நல்ல தேர்வு. இரையை இழுத்துப் பார்க்கும் கெளுத்தி விறைப்பை உணர்ந்தால் விட்டுவிடக்கூடும். இந்தக் கோலைத் தாங்கியில் நிறுத்திவைப்பதால் எடை ஒரு பொருட்டன்று.

ரீல்களில் சுழல் ரீல் என்னும் ஸ்பின்னிங் ரீலே பழகுவோருக்கு ஏற்றது. பெய்ட்காஸ்டிங் ரீல் குறி தப்பாமல் வீச உதவும். தடித்த நரம்பையும் தாங்கும். ஆனால் வீசும்போது கட்டைவிரலால் உருளையை அடக்கத் தெரியாதவர் கையில் நரம்பு சிக்கித் தூக்கணாங்குருவிக் கூடு போலாகிவிடும். அதை அவிழ்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

நரம்பின் வலிமை பவுண்டுக் கணக்கில் குறிக்கப்படுகிறது. ஒரு பவுண்டு ஏறத்தாழ 0.45 கிலோ. பாஸுக்கு 10 முதல் 17 பவுண்டு நரம்பு போதும். சேனல் கெளுத்திக்கு 15 முதல் 20 வரை போதுமானது. பெரிய நீலக் கெளுத்தியும் தட்டைத்தலையும் உள்ள ஆறுகளில் 50 பவுண்டுக்கு மேற்பட்ட பின்னல் நரம்பைப் பயன்படுத்துகிறார்கள். சாதாரண நைலான் நரம்பு இழுபடும்; விலை குறைவு; முடிச்சு நன்றாகப் பிடிக்கும். ஃபுளூரோகார்பன் நீரில் அவ்வளவாகத் தெரியாது; எனவே தெளிந்த நீரில் கண்ணுள்ள மீனாகிய பாஸுக்கு அது பயன்தரும். கெளுத்திக்காக அந்தச் செலவைச் செய்வது வீண்.

முள்ளும் இரையும்

முள்ளின் அளவு எண்கள் முதலில் தலைகீழாகத் தோன்றும். 8ஐவிட 4 பெரியது. 4ஐவிட 1 பெரியது. அதன்பின் 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏற முள்ளும் பெரிதாகும்.

பாஸுக்கான செயற்கை இரைகள் கடைச் சுவர்களை நிறைத்துத் தொங்கும். அவற்றுள் பாதியின் நிறம் வாங்குபவர் கண்ணைக் கவர்வதற்கென்றே பூசப்பட்டதோ என்று ஐயம் எழும். தொடங்குபவருக்கு மூன்று நான்கு வகைகள் போதும். அவற்றுள் முதலிடம் பெறத்தக்கது மென் பிளாஸ்டிக் புழு. ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் 1949இல் இதை உருவாக்கினார். இதைக் கட்டும் முறைகளுள் டெக்சஸ் கட்டு புகழ்பெற்றது. தோட்டா வடிவ ஈயக்குண்டின் துளை வழியே நரம்பைக் கோத்து, அதன் கீழே 3/0 அளவுள்ள முள்ளைக் கட்டி, முள்ளின் முனையைப் புழுவின் உடலுக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். முனை வெளியே தெரியாததால் பாசியிலும் கிளையிலும் சிக்காது. பாஸ் நிற்பது அத்தகைய இடங்களில்தான் என்பதால் இக்கட்டு மற்றவற்றைவிடப் பயன் தருகிறது. புழு வாய்க்குள் மென்மையாக இருப்பதால் மீன் துப்புவதற்கும் சற்று நேரமாகும்.

கலங்கிய நீரில் தகடு சுழன்று அதிரும் ஸ்பின்னர் இரை, விடியலிலும் அந்தியிலும் நீர்ப்பரப்பில் சலசலக்கும் மிதவை இரை, ஆழமறிந்து இழுக்கக் கிராங்க் இரை ஆகியவை அடுத்தவை. தெளிந்த நீருக்கு இயற்கையான பச்சை, பழுப்பு நிறங்களும், கலங்கலுக்குக் கறுப்பு அல்லது பளிச்சிடும் மஞ்சட்பச்சையும் தேர்வது வழக்கம்.

கெளுத்திக்கு மணமே இரை. சேனல் கெளுத்தி மண்புழு, இறால், கோழி ஈரல், நாற்றமடிக்கும் பாலாடைக் கலவை எதையும் தின்னும். நீலக் கெளுத்திக்கு எண்ணெய்ப்பசை மிக்க ஷாட் மீனை அன்றன்று வெட்டிய துண்டுகளாகக் கோக்க வேண்டும். அழுகிய துண்டை அது அவ்வளவாக விரும்பாது. தட்டைத்தலை இவற்றிலிருந்து மாறுபட்டது. அது உயிருள்ள மீனையே வேட்டையாடும். எனவே புளூகில் போன்ற சிறுமீனை உயிரோடு கோப்பார்கள். சட்டம் அனுமதிக்கும் மாநிலங்களில் மட்டுமே இதைச் செய்யலாம். கெளுத்தி என்றாலே நாற்ற இரை என்ற பொதுக்கருத்து இந்த இனத்திடம் செல்லாது.

கட்டும் முறை எளிது. நரம்பில் ஈயக்குண்டு தடையின்றி நகரும்படி கோத்து, ஒரு மணி, ஒரு சுழலி, அதன்பின் ஓரடி முதல் ஒன்றரை அடி நீளமான துணை நரம்பு, கடைசியில் முள். மீன் இழுக்கும்போது குண்டின் பாரம் அதற்குத் தெரியாது. இங்கே வட்ட முள்ளைப் பயன்படுத்துவது நல்லது. அதன் முனை தண்டை நோக்கி உள்ளே வளைந்திருக்கும். வெடுக்கென்று இழுத்தால் வாயிலிருந்து நழுவிவிடும். மெல்ல இறுக்கினால் தானாகவே வாயோரத்தில் மாட்டும். மீன் முள்ளை விழுங்கி, குடலில் காயப்பட்டுச் சாவதை இது பெருமளவு குறைக்கிறது. சிறிய ஈயக்குண்டுகளை லூன் என்னும் நீர்ப்பறவைகள் விழுங்கி நஞ்சேறி இறப்பதால் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர் முதலிய மாநிலங்கள் அவற்றுக்குத் தடை விதித்துள்ளன. அங்கே டங்ஸ்டன் அல்லது எஃகுக் குண்டுகளை வாங்கவேண்டும்.

இடமும் பருவமும்

இளவேனிலில் நீரின் வெப்பம் 15 முதல் 18 பாகை செல்சியசை எட்டும்போது பாஸ் கரையோர ஆழமற்ற பகுதிக்கு வந்து கூடமைக்கும். ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். அக்காலத்தில் எதைப் போட்டாலும் பாயும். ஆனால் காவல் மீனைத் தூக்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே புளூகில்கள் கூட்டைச் சூறையாடத் தொடங்கும். சட்டம் தடுக்காத இடங்களிலும் கூடுகளை விட்டு விலகி வீசுவதே முறை. கோடையில் பாஸ் பாசி விளிம்புகளிலும், கரை திடீரெனச் சரியும் ஆழங்களிலும் நிற்கும். அலபாமாவின் கன்டர்ஸ்வில், டெக்சசின் லேக் ஃபோர்க், புளோரிடாவின் ஒக்கீசோபி ஆகியவை பாஸுக்குப் பெயர்பெற்ற ஏரிகள்.

கெளுத்தி வெதுவெதுப்பான நீரை விரும்பும். ஆற்று வளைவின் வெளிப்புறத்தில் நீரோட்டம் குடைந்த பள்ளங்களும், மரக்கட்டைகள் குவிந்த இடங்களும் அதன் பகல்நேர இருப்பிடங்கள். இருட்டியதும் அருகிலுள்ள ஆழமற்ற திட்டுகளுக்கு மேய வரும். ஆகவே இரவில் நட்டாற்றின் ஆழத்துக்கு வீசுவதைவிடப் பள்ளத்தின் மேல்விளிம்பில் இரையைக் கிடத்துவது பலன் தரும். அணைகளுக்குக் கீழே, விசையாழிகளில் அடிபட்ட சிறுமீன்கள் வந்து விழும் இடங்களில் பெரிய கெளுத்திகள் கூடும். அங்கே முன்னறிவிப்பு ஒலி கேட்டதும் நீர்மட்டம் விரைந்து உயரும் என்பதால் மிதவை உடை இல்லாமல் இறங்கக்கூடாது.

கோடையில் ஆழமான ஏரிகளின் அடியடுக்கில் ஆக்சிசன் அற்றுப்போகும். கெளுத்தி அடியில் வாழும் மீனாயிற்றே என்று மிக ஆழத்தில் இரையைக் கிடத்தினால் அங்கே மீனே இருக்காது.

பெரிய மீன்களும் இடம் மாறிய மீன்களும்

1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ள பாஸைப் பிடித்தார். பொருளாதார நெருக்கடிக் காலம்; அந்த மீனை வீட்டில் சமைத்து உண்டுவிட்டார்கள். 77 ஆண்டுகள் கழித்து, 2009இல், ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிதா ஏறக்குறைய ஒரு அவுன்சு கூடுதலான மீனைப் பிடித்தார். இரண்டு அவுன்சு கூடினால்தான் பழைய பதிவு முறியும் என்பது விதி. ஆகவே இருவரும் சாதனையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கெளுத்திகளில் 2011இல் வர்ஜீனியாவின் கெர் ஏரியில் கிடைத்த 143 பவுண்டு நீலக் கெளுத்தி உலகப் பதிவாக உள்ளது. அது ஏறத்தாழ 65 கிலோ.

பீவாவின் பாஸ் அந்த ஏரிக்கு உரியதன்று. பாஸ் 1925இல் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டது. குரிதா இரையாகப் பயன்படுத்திய புளூகில்லும் அமெரிக்க மீன்தான். 1960இல் அமெரிக்கா சென்ற பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்கு அது அன்பளிப்பாகத் தரப்பட்டது. பின்னாளில் பேரரசராக இருந்த அவரே 2007இல் அதற்காக வருந்திப் பேசினார். இவ்விரண்டும் உள்நாட்டு மீன்களைத் தின்று பெருகியதால், பீவாவில் பிடித்த பாஸை மீண்டும் ஏரியில் விடுவதற்குத் தடை உள்ளது. அமெரிக்காவிலோ ரே ஸ்காட் 1972 முதல் தம் போட்டிகளில் பிடித்த பாஸை உயிரோடு விடும் வழக்கத்தைப் பரப்பினார். இன்று அதுவே நற்பண்பாகக் கருதப்படுகிறது. அதே நாட்டில், 1970களில் வர்ஜீனிய ஆறுகளில் விடப்பட்ட நீலக் கெளுத்தி செசபீக் விரிகுடாவில் நண்டுகளையும் மீன்களையும் அழித்துவருகிறது. அங்கே அதைப் பிடித்து உண்ணும்படி அரசே ஊக்குவிக்கிறது. விடுவதா உண்பதா என்பது மீனைப் பொறுத்தது மட்டுமன்று, நீர்நிலையையும் பொறுத்தது. மிஞ்சிய உயிர் இரையை ஏரியில் கொட்டுவது பல மாநிலங்களில் குற்றம்.

உரிமமும் உணவும்

அமெரிக்காவில் மீன்பிடி உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. வெளிமாநிலத்தவருக்குக் கட்டணம் கூடுதல். ஒரு நாள் உரிமமும் கிடைக்கும். படிக்கச் சென்ற மாணவர் எந்த வகையில் அடங்குவார் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எத்தனை மீன், எந்த நீளம் என்ற வரம்பும் ஏரிதோறும் வேறுபடும். கருவிகளின் விலையில் மீன்வள மேம்பாட்டுக்கான வரியும் அடங்கியிருக்கிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தொகை மாநிலங்களுக்குப் பகிரப்படுகிறது.

வயது முதிர்ந்த வேட்டை மீனின் தசையில் பாதரசம் சேர்ந்திருக்கும். தொழிற்சாலைப் பகுதி ஆறுகளில் கெளுத்தியின் கொழுப்பில் பிசிபி போன்ற வேதிப்பொருள்களும் தங்கும். எந்த நீரில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று மாநில அரசுகள் அறிவிப்பு வெளியிடுகின்றன. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதில் தனி அளவு உண்டு. சமையலுக்கு என்றால் நடுத்தர அளவுள்ள இளம் மீன்களே ஏற்றவை. கெளுத்தியின் வயிற்றோரக் கொழுப்பையும் கருஞ்சிவப்புத் தசையையும் வெட்டி எறிந்துவிட வேண்டும். பாதரசம் மட்டும் அப்படி வெட்டி நீக்கத்தக்கதன்று. அது தசை முழுவதும் கலந்திருக்கும்.