ஆளைத் தேடும் வேலை, வேலையைத் தேடும் ஆள்

கோவையின் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் பட்டறை வாசல்களில் ‘வெல்டர் தேவை’, ‘டர்னர் தேவை’ என்று எழுதித் தொங்கவிட்ட அட்டைகளைப் பார்க்கலாம். அதே மாவட்டத்தில், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டு, என்றைக்கு அழைப்பு வரும் என்று காத்திருக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்கிறார் முதலாளி. வேலை கிடைக்கவில்லை என்கிறார் படித்தவர். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அது எப்படி?

பொருளியலை நெடுநாள் உறுத்திய கேள்வி இது. அரிசி விலையேறினால் வாங்குவது குறையும், விலை இறங்கினால் கூடும். சரக்கு தேங்காமல் எங்கோ ஓரிடத்தில் சமநிலை வந்துவிடும். வேலைச் சந்தை அப்படி இயங்குவதில்லை. ஒரு வேலை இன்னொரு வேலை மாதிரி இருக்காது. ஒரு ஆளும் இன்னொரு ஆள் மாதிரி இருக்கமாட்டார். யாருக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிக்கவே நாளும் பணமும் செலவாகிறது. இந்தத் தேடலின் செலவைக் கணக்கில் எடுத்து, வேலையின்மையும் காலியிடமும் ஏன் அருகருகே நிலைத்திருக்கின்றன என்று விளக்கியதற்காகத்தான் பீட்டர் டைமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிஸ்ஸரைட்ஸ் மூவருக்கும் 2010இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

தேடலின் செலவைக் குறைக்க அரசே ஓர் இடம் அமைக்கலாம் என்ற யோசனை அதற்கும் நூறாண்டு முந்தியது. வேலைக்காக ஆலை வாசல் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிய தொழிலாளிக்கு மாற்றுவழி வேண்டும் என்று பிரிட்டிஷ் பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜ் வாதாடினார். 1909இல் பிரிட்டன் சட்டம் இயற்றியது. 1910 பிப்ரவரி 1 அன்று முதல் வேலைவாய்ப்பு நிலையங்கள் திறந்தன. இந்தியாவில் இது போரின் பின்விளைவாக வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், படையிலிருந்து திரும்பும் லட்சக்கணக்கானோரை எங்கே வைப்பது என்ற கவலையில் 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் அமைக்கப்பட்டது. 1948இல் அதன் கதவு எல்லாருக்கும் திறந்தது. 1956 நவம்பர் 1 அன்று, மொழிவாரி மாநிலங்கள் அமைந்த அதே நாளில், இந்த அலுவலகங்களின் அன்றாட நிர்வாகமும் தொழிற்பயிற்சி நிலையங்களின் நிர்வாகமும் மாநிலங்களின் கைக்கு வந்தன.

தமிழ்நாட்டில் இன்று இரண்டு அமைப்புகள் இதைச் சுமக்கின்றன. கிண்டியில் தலைமையகம் கொண்ட வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களையும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களையும் (ஐ.டி.ஐ.) நடத்துகிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் குறுகிய காலப் பயிற்சிகளையும், 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தையும் கவனிக்கிறது. பதிவு, காலியிடம், பயிற்சி, பணியமர்த்தல் என்ற நான்கும் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டால்தான் இந்த ஏற்பாடு பயன் தரும்.

பேசிக்கொள்ள ஒரு பொதுமொழி வேண்டும். அந்த மொழி எண்களால் ஆனது. வெல்டர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரை அவர் தெருவில் ‘கேஸ் வெல்டிங் பண்றவர்’ என்பார்கள். கம்பெனி விளம்பரத்தில் ‘ஃபேப்ரிகேட்டர்’ என்று கேட்டிருப்பார்கள். இருவரும் ஒருவரையொருவர் தவறவிட இதுவே போதும். தொழில்களின் பன்னாட்டு வகைப்பாட்டில் 7 என்றால் கைத்தொழில் வல்லுநர்கள். 72 என்றால் அவர்களில் உலோகமும் இயந்திரமும் கையாள்பவர்கள். 721 இன்னும் நெருங்கி வார்ப்பு, தகடு, பற்றவைப்பு வேலைக்காரர்களைக் குறிக்கும். 7212இல் வெல்டர் வந்து நிற்கிறார். இந்தியாவின் தேசியத் தொழில் வகைப்பாடு, 2015 பதிப்பில், இதனோடு இன்னும் நான்கு இலக்கங்களைச் சேர்த்து எந்த வகை வெல்டர் என்பதுவரை பிரிக்கிறது. கணினி வருமுன் பதிவு அட்டைகளை இத்தகைய எண் வரிசையில்தான் இழுப்பறைகளில் அடுக்கி வைத்தார்கள். இராமநாதபுரத்தில் பதிந்த ஒரு இளைஞரை ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் கண்ணுக்குத் தெரியவைப்பது எட்டு இலக்கங்கள்தான். மனித உழைப்பு முழுவதையும் இப்படி வரிசைப்படுத்திய அந்தப் பொறுமை என்னை எப்போதும் வியக்க வைக்கிறது.

ஆட்களின் பட்டியல் பாதிதான். காலியிடங்களின் பட்டியல் எங்கிருந்து வரும்? அதற்காக வந்தது 1959ஆம் ஆண்டுச் சட்டம். பொதுத்துறை நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கும் தரவேண்டும் என்று அது விதித்தது. ஆனால் அலுவலகம் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இருக்கவில்லை. அரசு வேலைக்கும் அலுவலகம் பரிந்துரைத்தவர்களை மட்டும் பரிசீலித்தால் போதாது, பத்திரிகைகளிலும் விளம்பரம் தரவேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவு சீனியாரிட்டியை நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அத்தோடு ஆட்டம் கண்டது. அலுவலகத்தின் வேலையும் மாறியது. தனியார் வேலைக்கான இணையதளம், வேலைவாய்ப்பு முகாம், போட்டித் தேர்வுக்கு இலவசமாகத் தயார்செய்யும் தன்னார்வ பயிலும் வட்டம் என்று அது இன்று வழிகாட்டும் மையமாகவும் இயங்குகிறது.

ஆளையும் காலியிடத்தையும் இணைப்பதைவிடக் கடினமானது பயிற்சி. காரணம், காலம். சின்ன வெங்காயம் விலையேறிய வருடம் எல்லாரும் வெங்காயம் போடுவார்கள். அறுவடையின்போது விலை சரிந்திருக்கும். படிப்பிலும் இதே சுழற்சி உண்டு என்று அமெரிக்கப் பொறியாளர்களின் சம்பளத்தை ஆராய்ந்து 1976இல் காட்டினார் பொருளியலாளர் ரிச்சர்ட் ஃப்ரீமன். சம்பளம் நன்றாக இருக்கும் வருடத்தில் கூட்டம் சேர்கிறது; நான்கு வருடம் கழித்து அத்தனை பேரும் ஒன்றாக வெளியே வருகிறார்கள். நம் ஊரிலும் பொறியியல் இடங்களுக்கு முண்டியடித்த வருடங்களையும், அதன் பிறகு கல்லூரிகள் காலியாகக் கிடந்த வருடங்களையும் பார்த்துவிட்டோம். ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் முடிவெடுத்தது. மொத்தக் கணக்கு யார் கையிலும் இல்லை.

அந்த மொத்தக் கணக்கு இருக்கக்கூடிய ஒரே இடம் அரசு. காலியிடப் பட்டியலும் பயிற்சி இடங்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் பொருள் இதுதான். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருடம். எட்டாம் வகுப்பு தேறியவர் சேரலாம். ஃபிட்டர் இரண்டு வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணமில்லை; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பயிற்சிக் காலம் குறுகியது என்பதால் தேவை மாறும்போது பாடத்தையும் விரைவாக மாற்ற முடியும். 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸ் கூட்டுறவோடு ரோபோவும் சிஎன்சி இயந்திரங்களும் கொண்ட பட்டறைகள் அமைக்கப்பட்டதும் இந்தக் கணக்கில்தான். வகுப்பறைக்கும் ஆலைக்கும் நடுவே 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் ஒரு பாலம் போட்டிருக்கிறது: 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பழக்க வேண்டும். உண்மையான இயந்திரத்தின் முன்னால் நிற்கும் அந்த மாதங்களில்தான் சான்றிதழ் கைப்பழக்கமாகிறது. வேலை கொடுப்பவரும் ஆளை முழுதாகப் பார்த்துக்கொள்கிறார். தேடலின் செலவு அங்கேயே பாதி தீர்ந்துவிடுகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் இழப்பு இளைஞருடையது. அதனால் இந்தத் துறையை எதைக் கொண்டு அளப்பது என்பது பெரிய கேள்வி. பதிந்தவர் எத்தனை, பயிற்சி முடித்தவர் எத்தனை, முகாமுக்கு வந்தவர் எத்தனை என்ற எண்ணிக்கைகள் எளிதில் கிடைக்கும். பயிற்சி முடித்து ஒரு வருடம் கழித்தும் அதே தொழிலில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பதுதான் அடுத்த வருடம் எந்தப் பிரிவில் எத்தனை இடம் வைப்பது என்று சொல்லும். அந்தத் தகவலை ஒவ்வொரு ஐ.டி.ஐ.யும், ஒவ்வொரு மாவட்டமும், பிரிவு வாரியாகத் தன் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர் அதைப் படித்துவிட்டு விண்ணப்பம் வாங்கட்டும்.