முழங்காலுக்கு ஒரு மறுவாழ்வு

பிழைப்பை நாடித் தாய்மண்ணை விட்டு வந்த நம்மவர் இல்லங்களில், நின்று உழைத்தே முதுமை எய்திய அன்னையர் பலர். அவர்தம் முழங்கால் வலியை, ‘வயதானால் வருவதுதானே’ என்று தள்ளிவிடுகிறோம். அக்குற்றம் நமக்கும் உண்டு. ரயில்வே எழுத்தராகிய நாம் வைத்தியம் கற்றோமல்லோம். நம் இல்லத்தில் கண்டதைச் சங்க அன்பர்கள்முன் வைக்கிறோம்.

தோப்பும்படியில் நம் வீடு. துறைமுகப் பாலத்தை நடந்தே கடந்து வந்த நம் தாயார், தெருமுனைக் கடைக்குச் செல்லவும் சுவரைப் பற்றும் நிலையெய்தினார். மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உராய்கிறது என்றும், மாத்திரையும் பயிற்சியும் பயன் தராமையால் மாற்று மூட்டே வழி என்றும் மருத்துவர் கூறினார். “ஐயா, நான் நொண்டியாகவே இருந்துவிட்டுப் போகிறேன், காலை வெட்ட வேண்டாம்” என்று தாயார் அழுதார்.

அது காலை வெட்டுவதன்று. தொடையெலும்பின் கீழ்முனையையும் கணைக்காலெலும்பின் மேல்முனையையும் சில மில்லிமீட்டர் அளவே செதுக்கி, முன்னதற்கு உலோகக் கவசமும் பின்னதற்கு உலோகத் தட்டும் பொருத்தி, இடையே பாலிஎத்திலீன் என்னும் வழவழப்பான பிளாஸ்டிக்கை வைக்கின்றனர். மாற்று மூட்டுக் கலைக்கு வழிவகுத்தோருள் தலையாயவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. இடுப்பு மூட்டுக்கு அவர் முதலில் பயன்படுத்திய டெஃப்லான் சில ஆண்டுகளில் தேய்ந்துபோயிற்று. அவர் தளராது, 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறி வெற்றி கண்டார். பிரதமராயிருந்த வாஜ்பாயி அவர்கள் 2000-இல் ஒரு முழங்காலுக்கும் 2001-இல் மற்றொன்றுக்கும் மும்பையில் இச்சிகிச்சை பெற்றார். இதனைக் கேட்ட பின்னரே தாயார் இசைந்தார்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது. கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு அப்போது வரையறுத்த விலை, வரி நீங்கலாக ரூ. 54,720. அறுவைக் கட்டணமும் அறை வாடகையும் வேறு. அவற்றை முன்னரே எழுத்தில் கேட்டுப் பெறுதல் நன்று.

நிற்க. சிகிச்சைக்கு மறுநாளே தாயாரை நடைச்சட்டத்தைப் பற்றி நிற்கச் செய்தனர். வீடு திரும்பிய பின்னரே சோதனை வந்தது. வலியால் துடித்தவருக்கு இரங்கி, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தோம். பயிற்சியையும் ‘நாளை ஆகட்டும்’ என்று விட்டோம். பத்து நாளில் கால் நேராக நீள மறுத்தது. பயிற்சியளிக்க வந்த மலையாள நங்கை தலையணையை அகற்றி, நம் இரக்கமே தாயாரின் காலை முடக்குகிறது என்று கடிந்துகொண்டார். தலையணை மூட்டை மடங்கிய நிலையிலேயே இறுகச் செய்யும் என்பதை அன்றே அறிந்து தலைகுனிந்தோம்.

அந்நங்கை தமிழறியார், தாயார் மலையாளம் பேசார். எனினும் ‘மடக்கு’ என்ற சொல் இருமொழிக்கும் பொது. அச்சொல்லைக் கேட்டுப் பல்லைக் கடித்து மடக்கினார், நீட்டினார். ஆறாம் வாரத்தில் கைத்தடியோடு தெருமுனை சென்றார். நான்காம் மாதம் தடியின்றிப் பாலத்தின் நடுவே நின்று காயலைக் கண்டார்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், புண்ணில் நீர் கசிந்தாலும், காய்ச்சலோ மூச்சுத்திணறலோ கண்டாலும் அக்கணமே மருத்துவரை அணுகுக. தரையில் சம்மணமிடுவதைத் தவிர்க்க. வழுக்கும் தரையை அஞ்சுக.

அன்பர்களே! அன்னையர் வலியை மறைப்பர்; நாமே கேட்டறிதல் வேண்டும். அறிந்தபின் அழுது பயனில்லை. உடனிருந்து பயிற்சி செய்விப்பதே மெய்யான அன்பு.