பாறை மண்ணாவதும் மண் பாறையாவதும்

பாறை என்பது சிருஷ்டி காலந்தொட்டு மாறாது கிடப்பதென்று குடியானவர்களிற் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. மிக மெதுவாகவேனும் பாறை மண்ணாகின்றது. மண்ணும் மீண்டும் பாறையாகின்றது. கிணறு வெட்டுவோரும் வரப்புப் போடுவோரும் இதனைச் சிறிதளவேனும் அறிந்திருத்தல் நலம்.

பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு குளிர்ந்து இறுகினால் அனற்பாறை உண்டாகும். எப்பாறையாயினும் ஆழப் புதையுண்டு கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அகப்பட்டால், உருகாமலே தன் தன்மை மாறும். கோயமுத்தூர், சேலம் பக்கத்துக் கிணறுகளிற் காணும் வரிவரியான பாறை அவ்வாறு மாறியதே. பல்லாவரத்துக் கருநீலக் கல்லும் இவ்வினத்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்பவருடைய சமாதியில் இக்கல் இடப்பட்டிருந்தமையால், 1893-ஆம் வருஷத்தில் ஹாலந்து என்னும் பூகர்ப்ப சாஸ்திரி இதற்குச் சார்னோகைட் எனப் பெயரிட்டார். தென்னாட்டுப் பாறைகளிற் பல சுமார் 250 கோடி வருஷ வயதுள்ளவை.

இவ்வரிப்பாறை மண்ணாகும் விதமே நமக்கு முக்கியம். அதில் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ தோன்றும் பெல்ஸ்பார் என்னும் பொருள், மழைநீரிற் கலந்த கரியமில வாயுவினால் நாளடைவில் இற்றுக் களிமண்ணாகும். அதிலுள்ள சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் பிரிந்து வரும். கண்ணாடி போன்ற படிகக்கல் மட்டும் இற்றுப்போகாமல் மணலாக நிற்கும். இரும்பு துருவேறிச் செம்மண்ணுக்கு நிறந்தரும். மழை குறைந்த இடங்களிற் கரைந்த சுண்ணாம்பு வெளியேறாமல் அடியில் தங்கிச் சுக்கான் கல்லாக இறுகும். கரிசலைத் தோண்டும்போது அகப்படும் வெண்ணிற உருண்டைகள் இவையே.

சில வருஷங்களுக்கு முன் ஒரு குடியானவர் கடன்பட்டுக் கிணறு வெட்டினார். மேலே இற்றுப்போன பாறையில் ஊற்றுக் கசிந்தது. அது போதாதென்று அடியிலிருந்த வெடிப்பற்ற பாறையை இன்னும் 20 அடி வெடிவைத்து இறக்கினார். ஒரு சொட்டு நீரும் கூடவில்லை. நானும் அன்று உடனிருந்தேன்; தடுத்துச் சொல்லாதது என் பிழையே. வரிப்பாறைப் பிரதேசத்தில் நீர் பெரும்பாலும் இற்ற பகுதியிலும் வெடிப்புகளிலுமே தங்கும். வெடிப்பில்லாத பாறையில் ஆழம் மட்டும் நீர் தராது. அயற்கிணற்றுச் சுவரில் வெடிப்புகள் எத்திசையிற் செல்கின்றன என்று பார்த்திருந்தால், பக்கவாட்டில் துளையிட்டாவது பார்த்திருக்கலாம். கடனும் இவ்வளவு ஏறியிராது.

இற்ற மண்ணை மழை அரித்து ஆற்றிற் சேர்க்கிறது. ஆறு கடலிற் சேர்க்கிறது. அங்கே அடுக்கடுக்காய்ப் படிந்து, மேற்பாரத்தால் இறுகி, மணல் மணற்பாறையாகவும் கடற்பிராணிகளின் ஓடுகள் சுண்ணாம்புக் கல்லாகவும் ஆகின்றன. அரியலூர்ப் பக்கத்தில் சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் கடல் இருந்தது. இன்று சிமெண்டுக்காக அங்கு வெட்டியெடுக்கும் கல்லில் சங்கு சிப்பிகளைக் கண்ணாற் காணலாம். மதுக்கரைச் சுண்ணாம்புக் கல்லோ மிகப் பழையது. வெப்பத்தினால் மணிமணியாக மாறிவிட்டமையின் அதிற் சிப்பி தென்படாது.

கடலுக்குச் சென்ற மண் நம் வயலுக்குத் திரும்புவதில்லை. ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு வருஷங்கள் செல்லும். வரப்பில்லாத சரிவு நிலத்தில் சில கனமழைகளே அதனைக் கொண்டுபோகப் போதும். ஆகையால் ஐப்பசி மழைக்கு முன்பே சரிவுக்குக் குறுக்கே உழுது, சம உயர வரப்புகளைப் போட்டு, உபரி நீர் வழிவதற்குக் கல் பாவிய கலிங்கும் அமைத்துவிட வேண்டும். அயல் நிலத்தாரும் சேர்ந்து போடாவிடில் மேல் வயலின் வெள்ளம் கீழ் வயலின் வரப்பை உடைத்துவிடுமாதலால், ஒரு சரிவிலுள்ளோர் அனைவரையும் கிராம அதிகாரிகள் ஒன்றுகூட்டிப் பேசுதல் நலம்.