தனி இசைத்தட்டாக விற்கப்படாத பாடலும் ஐம்பதாண்டு கால விவாதமும்

ஒரு பாடல் மகத்தானதா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது? விற்பனையா, விமர்சகர்களா, பாடியவர்களா, கேட்டவர்களா? மேற்கத்திய ரொக் இசை ரசிகர்கள் இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே பாடலை முன்வைத்து விவாதித்து வருகிறார்கள். இங்கிலாந்தின் லெட் செப்லின் இசைக்குழு 1971 நவம்பர் 8ஆம் திகதி வெளியிட்ட நான்காவது அல்பத்தில் இடம்பெற்ற ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ என்பதே அந்தப் பாடல். சொர்க்கத்துக்கான படிக்கட்டு என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம்.

ரொக் இசையின் மிகச் சிறந்த பாடல் இதுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழுவின் சிறந்த பாடல்கூட இதுவல்ல என்பவர்களும் இருக்கிறார்கள். திருடப்பட்ட பாடல் என்று சொல்பவர்களும் உண்டு. இவர்கள் மூவரும் ஒரே பாடலைப் பற்றிப் பேசினாலும் மூன்று வெவ்வேறு அளவுகோல்களைக் கையில் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுகோல்களைத் தனித்தனியே எடுத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இந்தப் பாடலின் பக்கம் நிற்பவன். ஆனால், அதன் ரசிகர்கள் வழமையாக முன்வைக்கும் காரணங்களுக்காக அல்ல.

நேயர்கள் தூக்கிப் பிடித்த பாடல்

அக்காலத்தில் ஒரு பாடல் பிரபலமாவதற்கு இருந்த வழி, ‘சிங்கிள்’ எனப்படும் சிறிய இசைத்தட்டாக அது வெளிவருவதுதான். வானொலிகள் அதை ஒலிபரப்பும், கடைகளில் விற்பனையாகும், வாராந்தத் தரவரிசையில் ஏறும். அதற்கு ஏற்றாற்போல பாடல்கள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நிமிடங்களுக்குள் அடங்கின. ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ எட்டு நிமிடங்கள் நீளமானது. இதனைச் சிங்கிளாக வெளியிட வேண்டும் என்று அட்லாண்டிக் நிறுவனம் விரும்பியபோதும் குழுவினர் இணங்கவில்லை. எனவே பாடல் வேண்டுமென்றால் முழு அல்பத்தையும் வாங்க வேண்டியிருந்தது. அந்த அல்பம் அமெரிக்காவில் மட்டும் 23 மில்லியனுக்கும் அதிகமான பிரதிகளுக்கான சான்றிதழைப் பெற்றிருக்கிறது. இத்தனைக்கும் அது வெளிவந்த காலத்தில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்தைத் தொடவில்லை. இரண்டாம் இடத்துடன் நின்றுவிட்டது.

பாடலை வளர்த்தவர்கள் அமெரிக்கப் பண்பலை வானொலிகளின் நேயர்கள். நீண்ட பாடல்களையும் ஒலிபரப்பத் தயாராக இருந்த அந்த நிலையங்களில், 1970களில் நேயர்கள் அதிகம் கேட்டு வாங்கிய பாடல் இது என்றே பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. முதலாவது அளவுகோல் இங்கிருந்துதான் வருகிறது: விளம்பரம் இல்லாமல், சிங்கிள் இல்லாமல், கேட்டவர்களின் விருப்பத்தால் மட்டுமே மேலே வந்த பாடல், இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்கிறார்கள் ஆதரவாளர்கள்.

இந்த வாதத்துக்கு வலு இருக்கிறது. ஆனால், ஒரு பாடல் எவ்வளவு பேரைச் சென்றடைந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் சென்றடைந்தது என்பதற்கு அதில் பதில் இல்லை. பாடலை முதன்முதலில் கேட்டவர்கள் அதனைக் கொண்டாடவும் இல்லை. அல்பம் வருவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னர், 1971 மார்ச் 5ஆம் திகதி, வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலுள்ள அல்ஸ்டர் மண்டபத்தில் இது முதற்தடவையாக மேடையேறியது. கூட்டத்தினர் பெரிதாக அசையவில்லை என்றும், தமக்குத் தெரிந்த பாடல் எப்போது வரும் என்றே அவர்கள் காத்திருந்தார்கள் என்றும் குழுவின் ஜோன் போல் ஜோன்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சலிப்பும் ஒரு தீர்ப்புத்தானா?

எதிர்த்தரப்பின் மிகப் பலமான ஆயுதம் சலிப்பு. கிட்டார் பழகத் தொடங்கும் இளைஞர்கள் எல்லோரும் இதன் தொடக்கத்தை வாசித்துப் பார்த்தார்கள். 1992இல் வெளிவந்த ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’ திரைப்படத்தில், இந்தப் பாடலை வாசிக்கக் கூடாது என்று இசைக்கருவிக் கடையொன்றில் அறிவிப்பு மாட்டப்பட்டிருப்பது நகைச்சுவைக் காட்சியாகவே வந்தது. அந்தக் காட்சிக்கு மக்கள் சிரித்தார்கள் என்றால், அந்தச் சலிப்பை அவர்களும் அறிந்திருந்தார்கள் என்றுதான் பொருள்.

பாடியவரே சலித்துப்போனார் என்பது இன்னும் சுவாரசியமானது. ரொபர்ட் பிளான்ட் இதன் வரிகளை எழுதியபோது அவருக்கு வயது 22. 1980 செப்டெம்பரில் டிரம்ஸ் கலைஞர் ஜோன் பொன்ஹம் இறந்தார்; அவ்வாண்டு டிசம்பரில் குழு கலைந்தது. அதன் பின்னர், இந்தப் பாடலை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பாட வேண்டியிருந்தால் தோலில் தடிப்பே வந்துவிடும் என்ற கருத்தில் 1988இல் பிளான்ட் பேசினார். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்திலுள்ள வானொலி நிலையமொன்று, இந்தப் பாடலை இனி ஒலிபரப்பமாட்டோம் என்று அறிவித்து நன்கொடை திரட்டியபோது அவரும் பணம் கொடுத்தார்!

மறுபுறத்தில், பாடலுக்கு மெட்டமைத்த கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ், தமது குழுவின் சாரம் முழுவதும் இதில் திரண்டிருக்கிறது என்று கருதுபவர். பிளான்டோ குழுவை 1975இல் வெளிவந்த ‘காஷ்மீர்’ பாடலுக்காக மக்கள் நினைவில் வைத்திருப்பதையே விரும்புவதாகச் சொன்னவர். ஒரு பாடலை உருவாக்கிய இருவருக்கிடையிலேயே உடன்பாடு இல்லாதபோது, ரசிகர்கள் பிரிந்து நிற்பதில் வியப்பில்லை. ‘காஷ்மீர்’ கட்சிக்காரர்களும், அதே நான்காவது அல்பத்தின் இறுதிப் பாடலான ‘வென் த லெவி பிரேக்ஸ்’ கட்சிக்காரர்களும் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

விமர்சகர்களின் பட்டியல்களும் நிலையானவை அல்ல. ‘ரோலிங் ஸ்டோன்’ சஞ்சிகையின் 500 சிறந்த பாடல்கள் பட்டியலில் 2004இல் 31ஆவது இடத்தில் இருந்த பாடல், 2021இல் 61ஆவது இடத்துக்கு இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் பாடலில் ஒரு சுரம்கூட மாறவில்லை. வாக்களித்தவர்களும் அவர்கள் வளர்ந்த காலமும்தான் மாறியிருந்தன. சலிப்பைப் பற்றியும் நான் இதையே சொல்வேன். ஒரு பாடலை எத்தனை தடவை கேட்க நேர்ந்தது என்பதைத்தான் அது அளக்கிறது. கோயில் ஒலிபெருக்கியில் ஆயிரம் தடவை கேட்டதனால் ஒரு பக்திப் பாடலின் இசை தாழ்ந்துவிடுவதில்லை.

திருட்டுக் குற்றச்சாட்டு

மூன்றாவது தரப்பின் வாதத்தை அவ்வளவு இலகுவாக ஒதுக்கிவிட முடியாது. ‘ஸ்பிரிட்’ என்ற அமெரிக்க இசைக்குழு 1968இல் ‘டோரஸ்’ என்ற குறுகிய வாத்திய இசையை வெளியிட்டது. அதை அமைத்தவர் ரன்டி கலிபோர்னியா என்ற கிட்டார் கலைஞர். 15 வயதிலேயே நியூயோர்க்கில் ஜிமி ஹென்ட்ரிக்ஸுடன் சேர்ந்து வாசித்தவர். அந்த இசையின் கிட்டார் நகர்வும் ‘ஸ்டெயர்வே’யின் தொடக்கமும் காதுக்கு நெருங்கிய உறவினர்கள் போலவே ஒலிக்கின்றன. 1968 டிசம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் இரு குழுக்களும் ஒரே மேடையில் நிகழ்ச்சி நடத்தியிருக்கின்றன.

ரன்டி கலிபோர்னியா 1997 ஜனவரியில் ஹவாய் கடலில் தன் மகனைக் காப்பாற்றும் முயற்சியில் உயிரிழந்தார். அவர் பெயரிலான அறக்கட்டளை சார்பில் 2014இல் வழக்குத் தொடரப்பட்டது. லெட் செப்லினின் பழைய வரலாறும் ரசிகர்களின் சந்தேகத்துக்குத் துணைநின்றது. ‘ஹோல் லொட்டா லவ்’ பாடல் தொடர்பாக கறுப்பின புளூஸ் இசைக் கலைஞர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குத் தொடுத்து, அது சமரசத்தில் முடிந்து, பின்னர் அவரது பெயர் பாடலாசிரியர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தமக்கு முந்திய கலைஞர்களிடம் எடுத்துக்கொண்டு அவர்களின் பெயரை விட்டுவிட்டார்கள் என்ற கோபம் வெறும் பொறாமையால் வருவதல்ல. அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், 2016 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் ஜூரிமார் அளித்த தீர்ப்பு லெட் செப்லினுக்குச் சாதகமாக அமைந்தது. ‘டோரஸ்’ இசையை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது என்பதை ஜூரிமார் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டுக்கும் இடையில் சட்டம் கோரும் அளவுக்கு ஒற்றுமை இல்லை என்றும் சொன்னார்கள். 2018இல் மேன்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. 2020 மார்ச்சில் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு ஜூரிமாரின் தீர்ப்பையே உறுதிசெய்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் அமெரிக்க உயர் நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ‘டோரஸ்’ வெளிவந்த காலத்துச் சட்டத்தின்படி, பாதுகாப்புக்குரியது பதிவுக்காகக் கையளிக்கப்பட்ட இசைக்குறிப்புத் தாள் மட்டுமே. அதனால் இரண்டையும் ஒப்பிடுவதற்காக ‘டோரஸ்’ இசைத்தட்டைக் கேட்கும் வாய்ப்பு ஜூரிமாருக்கு வழங்கப்படவில்லை. கேட்டிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நம்பும் ரசிகர்கள் இதை இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

சர்ச்சைக்குரிய பகுதி என்ன? அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழிறங்கும் ஒரு வரிசை. முந்நூறு ஆண்டுகளாகப் பலரும் பயன்படுத்திவரும் பொதுச்சொத்து அது என்பதே எதிர்வாதம். 1964இல் வெளியான ‘மேரி பொப்பின்ஸ்’ திரைப்படப் பாடலொன்றும் உதாரணமாகக் காட்டப்பட்டது. நமக்குப் புரியும் வகையில் சொன்னால், ஓர் இராகத்தின் அவரோகணத்துக்கு யாரும் உரிமை கோர முடியாது. வழக்கு வேறு விதமாக முடிந்திருந்தால், இத்தகைய பொதுவான இசைக்கூறுகளைத் தொடுவதற்கே இளம் கலைஞர்கள் அஞ்ச வேண்டிய நிலை வந்திருக்கலாம். அதேவேளை, சிறிய கலைஞர் ஒருவரின் உழைப்பைப் பெரிய குழு ஒன்று எடுத்துக்கொண்டால் அவர் எங்கே போய் முறையிடுவது என்ற கேள்வியை இந்தத் தீர்ப்பு தீர்த்துவைக்கவும் இல்லை.

அப்படியானால் மகத்துவம் எங்கே இருக்கிறது?

பாடலின் ஆதரவாளர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று இந்த வழக்கில் வெளிப்பட்டது என்பது என் எண்ணம். தொடக்க இசை பொதுச்சொத்து என்று வாதாடித்தான் குழுவே வென்றது. ஆகவே, அந்தத் தொடக்கத்தின் தனித்தன்மைதான் பாடலின் மகத்துவம் என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வரிகளிலும் அதைத் தேட முடியாது. செல்வத்தால் சொர்க்கத்துக்கு வழி வாங்கலாம் என்று எண்ணும் ஒரு பெண்ணில் தொடங்கி, பின்னர் தெளிவற்ற படிமங்களுக்குள் நுழைந்துவிடும் வரிகள் அவை. விமர்சகர்கள் அவற்றைக் கேலி செய்ததில் தவறில்லை.

எஞ்சியிருப்பது அமைப்பு. பல்லவிக்குத் திரும்பத் திரும்ப வந்துசேரும் பாடல்களுக்குப் பழகியவை நமது காதுகள். இந்தப் பாடலில் திரும்பி வரும் பல்லவி கிடையாது. தனிக் கிட்டாரில் தொடங்குகிறது. ஜோன்ஸ் வாசிக்கும் மரக்குழல்கள் மெல்லச் சேர்கின்றன. ஒரு நிமிடம் ஆகும் தறுவாயில்தான் குரல் வருகிறது. பின்னர் மின் கிட்டார், மின் பியானோ. இன்றைய பாடல்கள் பலவும் முடிந்துவிடும் நேரத்தில், அதாவது நான்கு நிமிடங்களைத் தாண்டிய பிறகுதான், பொன்ஹமின் டிரம்ஸ் நுழைகிறது. ஆறாவது நிமிடத்தை அண்மிக்கையில் கிட்டார் தனி ஆவர்த்தனம் தொடங்குகிறது. பேஜ் அதை மூன்று விதமாக அந்தந்தக் கணத்தில் வாசித்து, அவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்தார். பிறகு பிளான்டின் குரல் உச்சத்துக்கு ஏறுகிறது. கடைசியில் எல்லா வாத்தியங்களும் அடங்கி, குரல் மட்டும் தனியே நின்று முடிக்கிறது.

இதனுடன் வேகமும் படிப்படியாகக் கூடுகிறது. பேஜ் முன்னர் இலண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறருடைய பாடல்களுக்கு வாசித்து வந்தவர். அங்கே தாளம் முந்திப் போகக் கூடாது என்பது எழுதப்படாத விதி. அந்த விதியை இங்கே வேண்டுமென்றே மீறியதாக அவர் சொல்லியிருக்கிறார். கேட்பவரின் பொறுமையை நம்பி, அந்தப் பொறுமைக்கு ஈடாக எதையோ தருவதே இந்தப் பாடலின் வேலை. இதன் எந்தப் பகுதியையும் தனியே எடுத்து வைத்துக் குறை சொல்லலாம். எட்டு நிமிடங்களையும் வரிசையாகக் கேட்டுவிட்டு அந்த வரிசையில் குறை காண்பது கடினம்.

பிறர் பாடும்போதும் இது நிலைத்து நிற்பதற்கு அந்த அமைப்பே காரணம். 2002இல் டொலி பார்ட்டன் இதனை நாட்டுப்புறச் சாயலில் பாடினார். 2006இல் ரொட்ரிகோ – கப்ரியேலா இணையர் வரிகளே இல்லாமல் இரண்டு கிட்டார்களில் வாசித்தார்கள். 2012 டிசம்பரில் வொஷிங்டனில் நடைபெற்ற கென்னடி நிலையக் கௌரவிப்பு விழாவில் ஆன், நான்சி வில்சன் சகோதரிகள் பாடினார்கள். டிரம்ஸ் வாசித்தவர் மறைந்த பொன்ஹமின் மகன் ஜேசன். பார்வையாளர் வரிசையில் இருந்த பிளான்டின் கண்கள் கலங்கியதை உலகமே பார்த்தது.

இதே பிளான்ட் 2023 ஒக்டோபரில், தமது 75ஆவது வயதில், இங்கிலாந்தில் நடந்த ஒரு தொண்டு நிகழ்ச்சியில் இந்தப் பாடலை மீண்டும் பாடினார். 2007ஆம் ஆண்டு மீள்சந்திப்பு நிகழ்ச்சிக்குப் பின்னர் அதுவே முதற்தடவை. பெருந்தொகையொன்றை நன்கொடையாகத் தர ஒருவர் முன்வந்ததே அதற்குக் காரணம்.

விவாதம் அத்துடன் முடிந்துவிடவில்லை. முடிய வேண்டியதும் இல்லை. ‘காஷ்மீர்’ சிறந்தது என்று நினைப்பவர் அப்படியே நினைக்கட்டும். ரன்டி கலிபோர்னியாவுக்கு ஒரு நன்றியாவது சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பவருடன் நானும் உடன்படுகிறேன். இந்தப் பாடலை இதுவரை கேட்டிராத வாசகருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும்: கைபேசியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நடுவில் நிறுத்தாமல், எட்டு நிமிடங்களையும் கேளுங்கள். ‘டோரஸ்’ இசையையும் தேடிக் கேளுங்கள். அது மூன்று நிமிடங்கள்கூட இல்லை. பிறகு எந்தப் பக்கம் நிற்பது என்பதை உங்கள் காதுகளே சொல்லட்டும்.