ஒரு செடியும் பல பெயர்களும்

போடிநாயக்கனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைந்தால், தமிழகம் முடிந்து கேரளம் தொடங்குகிறது. அங்கு ஏலத் தோட்டங்களை ஒட்டிய ஓடைக்கரைகளிலும் ஈரப் புற்றரைகளிலும் தரையோடு தரையாகப் படர்கிறது ஒரு சிறு செடி. எல்லைக் கோடு அதனைத் தடுப்பதில்லை. ஆனால் அதன் பெயர் அவ்விடத்தில் மாறிவிடுகிறது. கிழக்கே அது வல்லாரை. மேற்கே குடங்கல், முத்திள்.

அருகில் விளையும் ஏலத்தின் நிலை வேறு. தமிழிலும் மலையாளத்திலும் அது ஏலம், வடமொழியில் ஏலா, இந்தியில் இலாய்ச்சி. பாரசீகத்தின் ஹேல், அரபியின் ஹைல் ஆகியவையும் இவ்வேரைச் சார்ந்தவை என்பர். வணிகப் பொருள் தன் பெயரையும் உடன் சுமந்து செல்கிறது. தானே முளைக்கும் செடிக்கோ அந்தந்த நிலத்து மக்கள் தாம் கண்டதையே பெயராக இட்டனர். ஒரு காம்புக்கு ஓர் இலை என்பதைக் கண்ட கன்னடர் ‘ஒந்தெலக’ என்றனர். வடமொழியாளர் தவளையை நினைத்து ‘மண்டூகபர்ணி’ என்றனர். சிங்களவர் ‘கொட்டுக்கொல’ என்பர். நினைவாற்றலைப் பெருக்கும் என்ற நம்பிக்கையால் தெலுங்கில் அது ‘சரஸ்வதி ஆக்கு’ ஆயிற்று. மலாய் மொழியில் ‘பெகாகா’.

அறிவியல் பெயரும் நிலைத்து நிற்கவில்லை. 1753இல் லின்னேயஸ் இதனை ‘ஹைட்ரோகோட்டைல் ஏசியாட்டிகா’ என்றார். 1879இல் உர்பன் ‘சென்டெல்லா ஏசியாட்டிகா’ என மாற்றினார்.

பெயர்கள் பலவாக இருப்பது குறையன்று. ஒரே பெயர் இரு செடிகளைக் குறிக்கும்போதுதான் இடர் பிறக்கிறது. ‘பிரம்மி’ அத்தகைய பெயர். வடநாட்டில் பல இடங்களில் அது வல்லாரையைக் குறிக்கும்; கேரளத்தில் நீர்ப்பிரம்மியையே குறிக்கும். இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூலும் பிரம்மி என நீர்ப்பிரம்மியையும், மண்டூகபர்ணி என வல்லாரையையும் பிரித்தே வைத்துள்ளது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தவை. இரண்டின் வேதிப்பொருள்களும் வேறு. பொடியாக்கிப் பொட்டலம் கட்டிவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கடினம்.

இவ்விடரை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். 11ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி தம் இறுதிக் காலத்தில் எழுதிய ‘கிதாபுஸ் ஸைதனா’, ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும் அரபு, கிரேக்கம், சுர்யானி, பாரசீகம், இந்திய மொழிகள் முதலியவற்றில் வழங்கும் பெயர்களைத் திரட்டித் தருகிறது. மலாகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், ஏறத்தாழ 1,400 பொருள்களை அகர வரிசையில் தொகுத்து, ஒன்றன் பல பெயர்களையும் பதிந்தார். கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்து 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் செடிப் படங்களில் மலையாளம், நாகரி எழுத்துகளோடு அரபு எழுத்தும் இடம்பெற்றமை நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. அந்நூலில் வல்லாரையும் உண்டு.

மனனம் செய்யும் மாணவர்க்கு வல்லாரை தருவது நம்மிடையே உள்ள வழக்கம். பெயரை மட்டும் நம்பி வாங்குவோர் இலையையும் நோக்குதல் வேண்டும். வல்லாரையின் இலை சிறுநீரக வடிவினது. விளிம்பு பல் பல்லாக வெட்டுண்டது. நீண்ட தனிக் காம்பில் நிற்பது. நீர்ப்பிரம்மியின் இலையோ சிறியது, தடித்தது. தண்டில் எதிரெதிராக அமைவது. போடிமெட்டின் ஓடைக்கரையில் செடியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்க்கு, எப்பெயரால் அழைத்தாலும் ஐயம் எழாது.