தோட்டத்துக் கணக்கு – 17: மங்கு

போன வாரம் ரப்பர் தோட்டத்துப் பைப்படியில் அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துப் பாத்திரம் துலக்கியதோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் வாழையிலை என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு மங்கு வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது.

கெடாவில் செர்டாங், கூலிம் பக்கம் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டியவர்களிடம் போய் மங்கைப் பற்றி விளக்கினால் சிரிப்பார்கள். இந்த விளக்கம் அடுக்குமாடி வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு. மரத்தில் கட்டிய கம்பி வளையத்துக்குள் உட்கார்ந்து, வெட்டிலிருந்து வடியும் பாலைப் பிடிக்கிற சின்னக் கிண்ணம்தான் மங்கு. சுட்ட மண்ணில் செய்தது. உள்பக்கம் வழவழவென்று மெருகு போட்டிருக்கும். அந்த மெருகு அழகுக்காகப் போட்டதில்லை. மங்கில் காய்ந்து ஒட்டிய பாலை ஓர் ஓரத்தில் நகத்தால் கிளப்பி இழுத்தால் தோல் மாதிரி முழுசாக உரிந்து வரவேண்டும். வந்தால்தான் அடுத்த நாள் பால் சுத்தமாக விழும். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மங்கு துடைக்கப் போன பிள்ளைகளுக்கு அந்த 'சர்' சத்தம் இன்றும் காதில் இருக்கும். மழை வந்தால் கவிழ்த்து வைக்கவேண்டும். உடைத்தால் திட்டு.

இந்த மங்கைச் சுட்டது யார்? இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டியது இந்தக் கேள்விதான். சிங்கப்பூரில் ஜாலான் பாஹார் பக்கம் தாவ் குவாங் என்று ஒரு மண்பாண்டச் சூளை இருக்கிறது. 1940இல் கட்டியது. டிராகன் சூளை என்பார்கள். மேட்டுச் சரிவில் நீளமாகப் படுத்திருக்கும். கீழ்வாயில் விறகு போட்டு மூட்டினால், நெருப்பு வயிற்றுக்குள் ஊர்ந்து ஏறி மேல்வாயில் புகையாக வெளியேறும். வழியெல்லாம் பக்கவாட்டுத் துளைகளில் விறகைச் செருகிக்கொண்டே போவார்கள். சூடு ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட சூளைகள் பல இருந்தன. அவை சுட்ட சாமான்களில் முக்கியமானது ரப்பர் தோட்டங்களுக்கான மங்கு. ரப்பருக்கு மவுசு குறைந்ததும் ஆர்க்கிட் செடிக்குத் தொட்டி சுட ஆரம்பித்தார்கள். தாவ் குவாங் சூளையை 1965இல் டான் குடும்பம் வாங்கியது. இன்று மண்பாண்டம் வனையப் பழகுகிறவர்கள் காசு கட்டி அங்கே வருகிறார்கள்.

மிச்சத்தையும் கேளுங்கள். மரத்தில் இன்று தொங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக் மங்கு. பழைய மண் மங்கோ பழம்பொருள் கடைக்குப் போய், கள்ளிச்செடி நட்டுக்கொண்டு, நகரத்து வரவேற்பறையில் 'இயற்கைக்கு உகந்த' பொருளாக உட்கார்ந்திருக்கிறது.

பால்மரத்துக்கும் இதே கதைதான். 25, 30 வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வீட்டில் எரித்தார்கள். மிச்சம் தொழிலாளர் லயத்து அடுப்புக்கு. பூச்சி அரித்துவிடும் என்று அதைத் தச்சர் தொடமாட்டார். மருந்தேற்றி உலர்த்தும் முறை பரவியதும், 1980களிலிருந்து அதே மரம் மேசை நாற்காலியாகி வெளிநாட்டுக்குக் கப்பலேறியது. காட்டை அழிக்காத மரம் என்பதுதான் அங்கே அதற்கு விளம்பரம். நம் அடுப்பில் எரிந்தபோது அதற்கு ஒரு பட்டமும் இல்லை.

'நம் பாட்டிகள் இயற்கையைக் காத்தார்கள்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பாட்டி காத்தது சம்பளத்தை. மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் வெட்டின் மேல் கயிறாகக் காய்ந்த கோட்டுப்பாலையும் விடாமல் உரித்துச் சாக்கில் போட்டதற்குக் காரணம், அதற்கும் நிறுவையில் காசு இருந்தது. மாவுச் சாக்கைத் துவைத்துத் தலையணை உறையாகத் தைத்ததற்குக் காரணம், உறைக்குத் துணி வாங்கக் காசில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். அன்று பாட்டியின் கைக்கு வந்த சாமான் திரும்ப உபயோகிக்கிற மாதிரி செய்யப்பட்டிருந்தது. இன்று தூக்கிப்போடுகிற மாதிரியே செய்து கொடுத்துவிட்டு, தூக்கிப்போட்டதற்காக நம்மையே வைகிறார்கள்.

பிளாஸ்டிக் பையையே பாருங்கள். பினாங்கு மாநிலம் 2009இல் வாரத்தில் ஒரு நாள் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது என்று ஆரம்பித்து, 2011இலிருந்து எல்லா நாளும் பைக்கு 20 காசு என்றது. செர்டாங்கிலிருந்து நிபோங் திபாலுக்குச் சாமான் வாங்கப் போன நம்மவர்கள் முணுமுணுத்தார்கள். ரோத்தான் கூடையோடு சந்தைக்குப் போன தலைமுறைக்கு அந்த 20 காசு செலவே இருந்திருக்காது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவடைத்ததும் அது எங்கே வந்து இறங்கியது? அதில் ஒரு பங்கு நம் கெடாவில், சுங்கை பட்டாணியில். அனுமதியில்லாத ஆலைகள் எரித்த நாற்றத்தைச் சுவாசித்த மக்கள் தெருவுக்கு வந்து கேட்டார்கள். 2020 ஜனவரிக்குள் நம் மலேசிய அரசாங்கம் 13 நாடுகளுக்கு 150 கொள்கலன் குப்பையைத் திருப்பி அனுப்பியது. குப்பையைப் பிரித்துப் போடுவது எப்படி என்று உலகத்துக்கு வகுப்பெடுக்கிற நாடுகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

இடம் முடிகிறது, ஆசிரியர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். வாழையிலை அடுத்த வாரமும் சந்தேகம்தான். பழைய தோட்டம் சுத்தமாக இருந்தது என்று இத்தனை வாரமாக எழுதியதைப் படித்துவிட்டு, மருந்தடிக்கிற வேலை பார்த்த ஓர் அம்மா, 'எங்க நகத்த வந்து பாருங்க தம்பி' என்று சொல்லியனுப்பியிருக்கிறார். நியாயம். மங்கு துடைத்த அதே மரத்தடியில்தான் முதலில் ஆர்சனிக் கலந்த புல் மருந்தும், பிறகு பாராகுவாட் என்ற களைக்கொல்லியும் தெளித்தார்கள். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாராகுவாட்டுக்கு 2002இல் தடை வந்தது, 2006இல் தளர்ந்தது, 2020இல்தான் முற்றாக நின்றது. நடுவில் என்ன நடந்தது, பெண்கள் உரிமை அமைப்பான தெனாகானித்தாவும் பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் என்ன செய்தன என்பதை எழுதாமல் இலையைப் பற்றி எழுதினால் அந்த அம்மா என்னை விடமாட்டார்.

(தொடரும்)