எடையும் உரிமையும்

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலம் வட்டாரத்தில், பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் பாசிமணி விற்று ஜீவிக்கும் நரிக்குறவர்களையும், வயல்களிலும் செங்கற்சூளைகளிலும் கூலிக்கு உழைக்கும் இருளர்களையும் நோக்கி, 'உடம்பைக் கவனிக்கக் கூடாதா' என்று உபதேசிப்பவர்கள், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கியபின், இறைச்சியும் கிழங்கும் கலந்திருந்த அவர்களுடைய ஆகாரத்தில் ரேஷன் அரிசியும் தேநீரும் பன்னுமே மிஞ்சி வருவதைச் சற்றே சிந்திப்பார்களாயின், எடை வெறும் மனவுறுதியின் விஷயமன்று என்பதை உணர்வார்கள்.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையுடையோர். எடை குறைந்தோரோ நூற்றுக்கு 12-க்கும் மேல். இரண்டும் ஒரே குடிசையில் இருக்கக்கூடும். கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் 23-ஐத் தாண்டினாலே இந்தியருக்கு எச்சரிக்கை. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 சென்டிமீட்டரை மீறினால் சர்க்கரை வியாதி, இருதய நோய் ஆகியவற்றின் அபாயம் மிகுகிறது. இந்தச் சுற்றளவை அறியத் தையல்காரர் நாடா ஒன்றே போதும். பேருந்தில் விளம்பரம் ஒட்டப்படும் 'பத்தே நாளில் மெலிவு' பொடி வேண்டியதில்லை!

பரிகாரம் வெளியிலிருந்து வந்திறங்குவதைவிடச் சமூகத்திற்குள்ளிருந்தே எழுவது சிறப்பு. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலைகளை ஒட்டிய சிட்டிலிங்கியில், டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இல் தொடங்கிய மருத்துவப்பணி, மலைவாழ் மகளிரையே சுகாதார ஊழியர்களாகப் பயிற்றியது. நோய்க்கும் நிலத்துக்கும் உள்ள பந்தம் புலப்பட்டதும், அங்குள்ள உழவர்கள் சங்கம் கூட்டி இயற்கை வேளாண்மையையும் சிறுதானியத்தையும் மீட்டனர். மருந்து எழுதுவதோடு நின்றிருந்தால் இது நடந்திராது என்பதே என் கட்சி.

விருத்தாசலத்தார்க்குச் சாதனங்கள் கைவசமே உள்ளன. குழந்தைக்கு அங்கன்வாடியில் எடுக்கும் எடையைக் கேட்டறிதல் தாயின் உரிமை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டிலேயே பரிசோதனையும் மருந்தும் தருகிறது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகுதியுள்ள குடும்பத்துக்கு உரிய தானியம் மறுக்கப்பட்டால், மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரிடமும், அதன்பின் மாநில உணவு ஆணையத்திடமும் முறையிடலாம், பணப்படியும் கோரலாம். ரேஷன் புகாருக்குத் தொலைபேசி எண் 1967. கிராம சபையில் சிறுதானியம் கேட்கும் குரல் பாசிமணி விற்பவளுடையதாகவும் இருக்கட்டும். அவளுக்கு நாற்காலி கொடுங்கள்.